தங்கையின் கழுத்தும் என் பதிலும்

கண்டி நகரில், முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவரின் அறையில், என் தங்கை என்ன வேலை செய்கிறாள் என்ற வினா என்னிடம் கேட்கப்பட்டது. அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தாள். வினா ஆங்கிலத்தில் வந்ததால் விடையும் ஆங்கிலத்தில், என் வாயிலிருந்தே சென்றது. "வீட்டில் இருக்கிறாள்" என்றேன். சென்ற ஆண்டு நடந்தது இது. அந்த விடையைத் திருத்தி எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். திருத்திய விடையால் இனி யாருக்கும் பயனில்லை.

அவள் என்னைவிடப் பதினான்கு ஆண்டு இளையவள். லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இருவரும் பிறந்த அதே லயத்து வரிசை வீடுகளுள் நான்காவதில் இன்னமும் வாழ்கிறாள். பதினெட்டு வயதில் தோட்டத்து வரவுப் பதிவில் பெயர் சேர்ந்து, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய்க் கொழுந்தெடுக்கத் தொடங்கினாள். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், உயர்தரப் படிப்பை முடித்துவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியில் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்துக்கொண்டு, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். நானோ ஹட்டனில் வீடு கட்டிக் குடியேறி, தமிழாசிரியனாகவும் பின்னர் பள்ளி அதிபராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.

கழுத்து வலியை அவள் பொருட்படுத்தியவளல்லள். கொழுந்துப் பையின் கயிறு உச்சந்தலையில் அமர்ந்திருக்கும். பை முதுகில் தொங்கும். மழைநாளில் நனைந்த கொழுந்தின் பாரம் தலையைப் பின்னே இழுக்க, கழுத்து அதனோடு முன்னே முட்டிக்கொண்டே மலையேற வேண்டும். கயிறு படும் இடத்தில் அவள் தலைமயிர் தேய்ந்து, வகிடு இல்லாத இடத்தில் இன்னொரு வகிடுபோல் வெளுத்திருந்தது. வலிக்குத் தோட்டத்து மருந்தகத்தில் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். அவளை அச்சுறுத்தியது வலியன்று, விரல்கள். இடக்கையும் சற்றே மரத்திருந்தது, வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களுமே மிகவும் மோசம்.

"வெரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி இருக்குண்ணே" என்று தொலைபேசியில் ஒருநாள் சொன்னாள். "எறும்பு ஊருனாக்கூடப் பரவால்ல. இப்ப எறும்பும் ஊரல. ஒன்னுமே தெரியல."

கொழுந்து எடுப்பவர் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை. செடிக்குள் கை புகுந்ததும் இளந்தளிர் எது, முற்றிய இலை எது என்று விரலே அறிந்து கிள்ளும். அவள் பையில் முற்றல் இலை கூடிக்கொண்டே போயிற்று. நிறுக்கும் இடத்தில் கங்காணி, அவளைவிட மிக இளையவர், பையைக் கிளறிப் பார்த்து, "என்னக்கா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டாராம். "கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி. வெரலுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றாளாம் இவள். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். மறுவாரம் அவளைக் கண்டிக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. படம் எடுத்தேன்.

மருத்துவரைக் காணச் செல்வதற்கு முதல்நாள் அவளை ஹட்டனில் என் வீட்டிலேயே தங்கச் செய்தேன். கொழுந்துச் சாறு படிந்து அவள் விரலிடுக்குகள் கறுத்திருந்தன. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவச் சொன்னேன். "டாக்டர் என் கழுத்தப் பாக்கப் போறாரா, கையப் பாக்கப் போறாரா?" என்று கேட்டுக்கொண்டே கழுவினாள். முழுவதும் போகவில்லை. என் மனைவி தன் பட்டுக்கரைச் சேலையொன்றை அவளுக்கு உடுத்தினார். முந்தானையை எடுத்துத் தலைமயிர் தேய்ந்த இடம் மறையும்படி போர்த்திக்கொள்ளச் சொன்னதும் நானே.

மருத்துவர் இனிய மனிதர். என்னைப் பற்றி முதலில் கேட்டார். அதிபராக இருந்தேன் என்றதும் "சேர்" என்று அழைக்கத் தொடங்கினார். படத்தை ஒளிப்பலகையில் மாட்டி, கழுத்தின் ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் இடையிலுள்ள வட்டு பிதுங்கி, நரம்பை நெரித்து, தண்டுவடத்தையும் தொடத் தொடங்கியிருப்பதைக் காட்டினார். அறுவை வேண்டும், காலம் தாழ்த்தலாகாது. ஆனால் வழி இரண்டு உண்டு. கெட்ட வட்டை எடுத்துவிட்டு, அசையக்கூடிய செயற்கை வட்டு ஒன்றை அவ்விடத்தில் பொருத்துவது ஒன்று. எலும்புத் துண்டு வைத்து, தகடும் திருகாணியும் பூட்டி, இரண்டு எலும்பையும் ஒன்றாக வளரச் செய்துவிடுவது மற்றொன்று. முன்னதில் கழுத்தின் இயக்கம் காக்கப்படும். மேலேயும் கீழேயுமுள்ள வட்டுகளுக்குச் சுமை கூடிவிடாது. விரைவில் எழுந்து நடமாடலாம். பின்னதில் அந்த ஓரிடம் அசையாது. எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் கூடிவிட்டால் உறுதி.

அதன்பிறகுதான் அந்த வினாவைக் கேட்டார். நான் அந்த விடையைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு அவர் தொடர்ந்தார்: "அப்படியானால் நான் செயற்கை வட்டின் பக்கமே சாய்வேன், சேர். தோட்டங்களில் தலையில் கயிறு மாட்டிச் சுமக்கும் பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கு இதை நான் வைப்பதில்லை, பாரம் அழுத்தினால் இது இடம் பெயரும்."

திருத்திக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு எவருக்கும் கிடைக்காது. நான் வாய் திறக்கவில்லை.

என்னை நன்கறியாதவர்க்கு இது விளங்காமல் போகலாம். முப்பது ஆண்டுகள் மேடைகளில் ஏறி, கொழுந்து கிள்ளும் கைகளின் மேன்மையைப் பற்றி உரையாற்றியவன் நான். தொழிலாளர் நாளில் என்னைத்தான் அழைப்பார்கள். அந்த உரைகளில் பொய் ஒன்றும் இல்லை. உள்ளம் உருகித்தான் பேசினேன். எனினும் ஹட்டனில் படித்த காலத்தில், எங்கள் லயத்திற்கென்று தனி முகவரி இல்லாத நிலையில், கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடை முகவரியையே என் முகவரியாக எழுதி வந்தேன். என்னோடு படித்த தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான். கடிதங்கள் அங்கே வந்து கிடக்கும். அவரும் எடுத்து வைத்துக் கொடுப்பார். நேர்முகத் தேர்வுகளில் "எவ்விடம்?" என்று கேட்டால் "ஹட்டன் நகரம்" என்போம். யாரும் எங்களுக்குக் கற்பித்ததன்று அது. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவரின் குரல் சற்றே தாழ்வதை நாங்களே கண்டு பழகியது. அந்த மருத்துவரின் குரலில் இருந்த "சேர்" தாழ்ந்துவிடுமோ என்று என் நாக்கு அஞ்சியது. எழுபதை நெருங்கும் வயதிலும் அஞ்சியது.

திரும்பும் வழியில் கம்பளையில் பேருந்து நின்றபோதுதான் அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"டாக்டர் அம்புட்டு நேரம் பேசுனாரு. நீங்க ரெண்டு வரியில சொல்லி முடிச்சிட்டீங்க. மிச்சம் எங்கண்ணே?"

"முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சிதைந்திருக்கிறது. அதனை அகற்றிவிட்டு, செயற்கையாக..."

"ஐயோ, ஒங்க பள்ளிக்கூடத் தமிழ்ல சொல்லாதீங்க. எங்க தமிழ்ல சொல்லுங்க."

எங்கள் தமிழ் என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. கையால் காட்டிக் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஒன்னு கீலு போட்ட கதவு. இன்னொன்னு ஆணி அடிச்ச கதவு."

"ஏறக்குறைய அப்படித்தான்."

"எதப் போட்டா சுருக்கா வேலைக்குப் போகலாம்?"

"கீல்" என்றேன்.

"அப்ப கீலே போடச் சொல்லுங்க. வெரலு சரியாயிட்டாப் போதும். பேர வெட்டிட்டாங்கன்னா வீடு என்னாகுறது?"

அவள் அஞ்சியது காரணமில்லாமலன்று. எங்கள் தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இன்னும் எவருக்கும் கிடைக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவர் பெயராவது தோட்டத்து வரவுப் பதிவில் இருக்கும்வரை வீடு அவர்களுடையது. ஒருவரும் இல்லையென்றால் வேறு குடும்பத்திற்குப் போகும். அவள் வீட்டில் இருந்த ஒரே பெயர் அவளுடையது. அந்தப் பெயர் நிலைப்பதற்கு அவள் விரல்கள் உணர்வு பெற வேண்டும். எல்லாம் அந்த மூன்று விரல்களில் நின்றது.

தலையில் இனிக் கயிறு மாட்டக்கூடாது என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அறுவை முடியட்டும், அவள் நலமாகட்டும், பின்னர் வேலைக்குப் போகவேண்டாம் என்று நானே தடுத்துவிடுவேன், ஹட்டனுக்கு அழைத்து வந்துவிடுவேன் என்று மனத்துள் முடிவு செய்துகொண்டேன். அவள் வாழ்வை அவளைக் கேளாமலே ஒழுங்கு செய்துவிட்ட நிறைவோடு நாவலப்பிட்டி வரை உறங்கினேன்.

செயற்கை வட்டைத் தருவிக்கச் சில வாரங்கள் சென்றன. குறித்த நாளுக்கு முதல்நாள் காலை அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். பெண்களுக்கான நோயாளர் விடுதியில் கட்டிலருகே தாதி ஒருவர் படிவத்தோடு வந்தார். என் கையில் எல்லாத் தாள்களும் ஆயத்தமாக இருந்தன. அவரோ என்னைப் பார்க்கவேயில்லை, கட்டிலில் இருந்தவளைப் பார்த்துச் சிங்களத்தில், "மொனவத கரன்னே?" என்றார். என்ன வேலை என்று கேட்கிறார்.

"தளு கடனவா, மிஸ்" என்றாள் என் தங்கை. கொழுந்து பறிக்கிறேன் என்பது பொருள். சிங்களத்தில் அவள் என்னைவிடச் சரளமாகப் பேசுவாள். முப்பத்துநான்கு ஆண்டுகளாக என்று சேர்த்துச் சொன்னாள்.

"அப்போ அடுத்த முறை வரும்போது எனக்கு நல்ல தேயிலை கொண்டுவர வேண்டும்" என்றார் தாதி.

"நல்லதெல்லாம் கப்பலில் போய்விடுகிறது மிஸ். எங்களுக்குக் கிடைப்பது தூள்தான்."

இருவரும் சிரித்தார்கள். தாதி எழுதிக்கொண்டார். அந்தப் பேனா படிவத்தில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

பிற்பகலில் மருத்துவர் வந்தார். படிவத்தைப் படித்தார், மீண்டும் படித்தார். என்னிடம் ஒன்றும் கேளாமல் அவளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் உடனே போர்வையை முறுக்கி, தலையணையை அதில் கட்டி, முறுக்கிய பகுதியை உச்சந்தலையில் மாட்டி, தலையணையை முதுகில் தொங்கவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி நின்று காட்டினாள். கழுத்தை முன்னே தள்ளி, இரு கையாலும் காற்றைக் கிள்ளி, பின்னே எறிந்தாள். அக்கம்பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. அவள் தலையிலிருந்த போர்வையை விலக்கி, மயிர் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பின்னர் என்னைத் தாழ்வாரத்திற்கு அழைத்தார்.

"சேர், வீட்டில் இருக்கிறார் என்றீர்களே?"

"அது அவ்வளவு தேவையென்று எண்ணவில்லை" என்றேன். இன்னொரு பொய்.

"நான் தெரிவு செய்ததே அந்த விடையை வைத்துத்தான்" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அதற்குப்பிறகு அவர் என்னிடம் விரிவாகப் பேசவில்லை. உள்ளே சென்று அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, இரண்டு வழியையும் சிங்களத்தில் அவளுக்கே விளக்கினார். கையை மடக்கியும் விரித்தும் காட்டினார். அவள் இடையிடையே கேட்டாள். என் மொழிபெயர்ப்பில் இரண்டு வரியாகச் சுருங்கியது, அவர்களுக்குள் அரைமணி நேரப் பேச்சாக விரிந்தது. எதைச் செய்தாலும் தலையில் பாரம் கூடாது என்று அவர் சொன்னபோது அவள் முகம் மாறியதைக் கதவோரத்தில் நின்று கண்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: இனி ஒருபோதும் சுமக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமானால் செயற்கை வட்டைப் பற்றி இப்போதும் எண்ணலாம், அந்த உறுதி இல்லையென்றால் எலும்பை இணைப்பதே ஏற்றது.

அவர் போனபின் அவள் என்னை அருகே அழைத்தாள்.

"டாக்டர்கிட்ட என்னான்னு சொன்னீங்கண்ணே?"

"வீட்டில் இருக்கிறாய் என்று."

"வீட்லயா?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணத்துக்கு மறுநாளு பெரட்டுக்குப் போனேன். புள்ள வயித்துல எட்டு மாசம், அப்பயும் மலையில. அவரு செத்து பதினாறு முடிஞ்ச மறுநாளு மலையில. நான் வீட்ல இருந்த நாளு எதுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம் அதுக்குத்தானா?"

என் பதிலுக்குக் காத்திராமல், தலையணையைப் போர்வையிலிருந்து அவிழ்த்துத் தட்டி வைத்துவிட்டு, அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

"ஆணி அடிச்ச கதவாவே இருக்கட்டும். பாரம் தூக்க மாட்டேன்னு டாக்டர்கிட்ட நான் சொன்னா, அது பொய்யாப் போயிரும். பேரு நிக்கணும்னா ஒருநாளு இல்லாட்டி ஒருநாளு தூக்கித்தான் ஆகணும். அவரு நல்ல மனுசன். அவருகிட்டப் பொய் சொல்ல ஏலாது."

என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளென்று நான் கருதவில்லை. அவள் இயல்பாகத்தான் சொன்னாள்.

வழி மாறியதால் மறுநாள் அறுவை நடக்கவில்லை. கழுத்தை வளைத்தும் நிமிர்த்தியும் புதிய படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. எலும்பின் வலுவை அளக்க வேண்டியிருந்தது. தகடும் திருகாணியும் அவள் அளவுக்கு வர வேண்டியிருந்தது. அவளுக்கெனக் குறித்திருந்த இடம் வேறொரு நோயாளிக்குச் சென்றது. வேறொரு நாள் கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின.

அந்த ஏழு வாரங்களை நான் எப்படி எழுதுவது? முதல் வாரத்தில் தேநீர்க் கேத்தல் அவள் கையிலிருந்து வழுவி விழுந்தது. இரண்டாம் வாரத்திற்குமேல் சட்டையின் கொக்கியை மகள்தான் மாட்டிவிட்டாள். நான்காம் வாரத்தில் அங்காடியில் காசு எண்ணும்போது நாணயம் எது, விரல் எது என்று தெரியவில்லை என்றாள். மருத்துவமனைக்கு நான் நாள்தோறும் தொலைபேசி எடுத்தேன். முன்னதாக இடம் கிடைக்குமா என்று கெஞ்சினேன். வரிசையில் நிற்பவர் எல்லாரும் வலியோடுதான் நிற்கிறார்கள் என்று பணிவாகவே சொன்னார்கள்.

அறுவை நன்றாகவே நடந்தது. கழுத்தின் முன்புறத்தில் ஒரு சிறு கீறல். தொண்டையருகே மணிச்சரம் படும் இடத்தில். கழுத்துப்பட்டையோடு மூன்று மாதம் இருந்தாள். வலி அடியோடு போய்விட்டது. இரண்டு எலும்பும் ஒன்றாய்க் கூடிவிட்டதைப் படத்தில் காட்டி மருத்துவர் மகிழ்ந்தார். இடக்கையின் மதமதப்பும் நீங்கியது. வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் மட்டும் திரும்பவில்லை.

அவள் வெளியே சென்றிருந்த வேளையில் மருத்துவரிடம் கேட்டேன்: "முதலில் குறித்த நாளிலேயே நடந்திருந்தால்?"

அவர் படத்தை ஒளிப்பலகையிலிருந்து கழற்றினார். "சொல்ல முடியாது. திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் இருந்திருக்கலாம்."

"சேர்" என்ற சொல் அதில் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. "உங்களால்தான்" என்று அவர் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது. "உங்களால் அன்று" என்று சொல்லியிருந்தால் இன்று நிம்மதியாக உறங்குவேன். இரண்டும் இன்றி அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்திற்குப் போனபோது, அவள் வீட்டுக்குப் பின்னால், மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் தேயிலைச் செடியருகே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முழு உடம்போடு திரும்பினாள். கழுத்தைத் திருப்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தும், பட்டை போட்டிருந்த பழக்கத்தில் அவள் அதைத் திருப்புவதேயில்லை.

"இங்க வாங்கண்ணே, ஒன்னு பாருங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வலக்கையைச் செடிக்குள் நுழைத்து நான்கைந்து முறை கிள்ளினாள். கையை என் முன் விரித்தாள். கிழிந்த முற்றல் இலை இரண்டு. ஒரு காய்ந்த குச்சி.

"முப்பத்துநாலு வருசம். ஒரு குச்சியக் கொண்டாந்து குடுத்திருக்கு பாருங்க" என்று சிரித்தாள்.

அன்றுதான் அவளை ஹட்டனுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். தோட்டத்து அலுவலகத்திலிருந்து, வீட்டில் வேலைக்கு வருபவர் யார் என்று கேட்டு ஒருவர் வந்து போயிருந்தார். என் வீட்டில் இரண்டு அறை வெறுமையாகக் கிடக்கிறது என்றேன். மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு, உன் அண்ணியும் அதையேதான் விரும்புகிறார் என்றேன். அது உண்மை.

அவள் மிளகாய்ச் செடியில் பழுத்த இலையை இடக்கையால் கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க வீட்டுக்குப் பெரிய ஆளுங்கள்லாம் வருவாங்க. படிச்சவங்க. நான் நடுக் கூடத்துல ஒக்காந்திருப்பேன். இது யாருன்னு கேட்பாங்க." நிறுத்தினாள். "என்னான்னு சொல்லுவீங்க?"

"என் தங்கை என்பேன்."

"அது சொல்லுவீங்க. அப்பறம், தங்கச்சி என்ன செஞ்சிக்கிட்டிருந்தாங்கன்னு கேட்பாங்கள்ல?"

அதற்கும் உடனே பதில் சொல்லியிருக்க முடியும். இப்போது எளிதாகத் தெரிகிறது. அன்று, ஒரு மூச்சு விடும் நேரம் தாழ்த்திவிட்டேன். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"வேணாம்ணே. கோவத்துல சொல்லல. ஒங்களுக்கும் எதுக்குச் சங்கடம், எனக்கும் எதுக்கு. நான் இங்கயே இருக்கேன்."

"வீடு?"

இந்த வினாவுக்கு விடை சொன்னவள் வாசற்படியில் நின்ற அவள் மகள். "நான் பேரு பதியப்போறேன் மாமா."

நான் பதறினேன். பயிற்சிக் கல்லூரி விண்ணப்பம் என்னாயிற்று என்றேன். முன்பள்ளிக் குழந்தைகள் என்னாவார்கள் என்றேன். நான் சொன்னவற்றிலெல்லாம் பொருள் இருந்தது. ஒன்றும் அவளை அடையவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"காலேஜ் கெடைக்கிற வரைக்கும்தான். கெடைச்சா அப்பப் பாப்போம். நீங்கதான் மேடையில சொல்லுவீங்களே மாமா, கொழுந்து கிள்ளுற கை கும்பிட வேண்டிய கைன்னு. எங்கம்மா கை மரத்தே போயிருச்சு. எனக்கும் அப்படி ஒரு கை இருந்துட்டுப் போகட்டும்."

"ஏய், மாமாகிட்ட அப்படிப் பேசாத" என்று தாய் அதட்டினாள். ஆனால் அந்த அதட்டலில் வலு இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் முதற் பேருந்தைப் பிடித்தேன். இரவெல்லாம் எண்ணி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: தோட்டத்து மேலாளரான துரையை நேரில் கண்டு, என் தங்கை முப்பத்துநான்கு ஆண்டு இந்த மலையில் கொழுந்தெடுத்தவள், அந்த வேலையிலேயே கையை இழந்தவள், வீட்டை அவளிடமே விடுங்கள் என்று என் வாயால் சொல்லவேண்டும். அதைச் சொல்லும்வரை அவள் மகளை, என் மருமகளை, ஒருநாளாவது நிறுத்தி வைக்கவேண்டும். லிந்துலையில் இறங்கி ஏற்றத்தில் நடந்தேன். பனிமூட்டம் கலையவில்லை. பெரட்டு முடிந்து ஆட்கள் மலைகளுக்குப் பிரிந்து போய்விட்டிருந்தார்கள். லயத்து வாசல்களில் சிறுவர்கள் பள்ளிச் சீருடையோடு நின்றார்கள்.

தங்கை படியில் நின்றிருந்தாள்.

"போயிட்டாண்ணே" என்றாள். "ஒன்பதாம் நம்பர் மலை. இப்பத்தான் ஏறுனா. கயிறு எப்பிடிப் போடுறதுன்னு காட்டிக் குடுத்தேன். ரெண்டு தடவ வழுக்குச்சு. அப்பறம் சரியா ஒக்காந்திருச்சு."

துரையைக் காண வந்திருக்கிறேன் என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதையும் சொன்னேன். தயங்காமல், அவள் கேட்கும்படி, முழுவதும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சொல்லுங்க. சொன்னா நல்லதுதான். துரை எட்டு மணிக்கு மேலதான் ஆபிசுக்கு வருவாரு. அதுவரைக்கும் ஒக்காருங்க, பிளேன்டி ஊத்துறேன்."

மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூட்டத்துக்குள் பெண்களின் பேச்சுக் குரல் கேட்டதேயன்றி உருவம் ஒன்றும் தெரியவில்லை. எவர் குரல் மருமகளுடையது என்று பிரித்தறிய முயன்றேன், முடியவில்லை.

அவள் கைப்பிடியில்லாத எவர்சில்வர் குவளையில் பாலில்லாத பிளேன்டி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கியதும் என் விரல்களைச் சுட்டது. அடுப்படியிலிருந்து வாசல்வரை, வலக்கையின் அந்த மூன்று விரல்களால்தான் அதைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் சிவந்து கன்றியிருந்தன. அவள் அறியவில்லை.

"சூடு பத்தலையாண்ணே?" என்று கேட்டாள்.

"போதும்மா" என்றேன். குவளையைக் கீழே வைக்காமல் குடித்தேன்.